நண்பனுக்குக் கல்யாணம், நமக்கு ஸ்டியரிங்: வாசகர் கேள்வி – பதில்

வெள்ளி கிளம்பி ஞாயிறு திரும்பும் கல்யாணப் பயணம் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ஏறக்குறைய எல்லாரும் போகும் வழியைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். திரும்பும் வழியைப் பற்றிக் கேட்டவர் ஒரே ஒருவர். சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

நண்பனின் கல்யாணம் 420 கி.மீ. தள்ளி, சனிக்கிழமை காலை 9 மணிக்கு. மேப் ஆறரை மணி நேரம் காட்டுகிறது. வெள்ளி மாலை 6 மணிக்கு வேலை முடிந்து ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விடலாமா, இல்லை நன்றாகத் தூங்கிவிட்டு விடியற்காலை கிளம்பலாமா?

இரண்டும் சரிப்படாது. கணக்கைப் பாருங்கள். மேப் சொல்வது வண்டி நிற்காமல் ஓடும் நேரம். வெள்ளி மாலை நெரிசல், சாலை வேலை, வழி தவறுவது இதற்கெல்லாம் 20 சதவீதம் சேர்த்தால் ஆறரை மணி 7 மணி 50 நிமிடம் ஆகிவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 15 நிமிடம் நிறுத்தினால் இன்னொரு முக்கால் மணி. ஆக, எட்டரை மணி நேரத்துக்குச் சற்றே மேல். போய்ச் சேர்ந்து வண்டி நிறுத்தி, முகம் கழுவி, உடை மாற்ற ஒன்றரை மணி நேரம் வேண்டும். 9 மணிக்கு மண்டபத்தில் இருக்க வேண்டுமானால் முந்தைய இரவு 11 மணிக்கே கிளம்பியாக வேண்டும். நீங்கள் சொல்லும் விடியற்காலைக் கிளம்பலுக்குக் கடிகாரத்தில் இடமே இல்லை.

மாலை 6 மணிக்குக் கிளம்பினால் போய்ச்சேர அதிகாலை இரண்டரை. காலை 6 மணிக்கு எழுந்தவருக்கு அது விழித்திருக்கும் இருபத்தோராவது மணி நேரம். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தாலே கவனமும் கை வேகமும் ரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடும் என்பது சோதனைகளில் தெரிந்த விஷயம். அதற்கு மேல், அதிகாலை 2 முதல் 6 வரை உடல் கடிகாரமே தூக்கத்துக்கு இழுக்கும் நேரம்.

நாங்கள் சொல்வது அரை நாள் விடுப்பு. வெள்ளி மதியம் 1 மணிக்குக் கிளம்பினால் இரவு 10 மணிக்குள் அங்கே படுத்துவிடலாம். விடுப்பு கிடைக்காது, ஓட்டத் தெரிந்தவர்கள் இருவர் இருக்கிறீர்கள் என்றால் 6 முதல் 11 வரை ஒருவர் ஓட்டட்டும். வழியில் அறை எடுத்து நாலரை மணி நேரம் தூங்குங்கள். நாலு மணிக்கு மற்றவர் எடுக்கட்டும். அவர் முதல் நாள் மாலையிலேயே பின் சீட்டில் ஒரு தூக்கம் போட்டிருக்க வேண்டும், பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டு வந்திருக்கக் கூடாது. ஓட்டுபவர் ஒருவர்தான், விடுப்பும் இல்லை என்றால் ரயிலோ பஸ்ஸோ பாருங்கள்.

ஞாயிறு மதிய விருந்து முடிந்த கையோடு கிளம்பினால் இருட்டுவதற்குள் வீடு வந்துவிடலாம் என்று திட்டம். சரிதானா?

திரும்பும் வழியைப் பற்றிக் கேட்ட ஒரே வாசகர் நீங்கள்தான். நன்றி.

இருட்டுக்கு முன் வர நினைப்பது சரி. ஆனால் மதியம் 2 முதல் 4 வரை உடல் கடிகாரத்தின் இரண்டாவது தூக்க நேரம். இரண்டு இரவு அரைகுறைத் தூக்கம், வயிறு நிறைய விருந்து, ஒரே மாதிரி ஓடும் சாலை மூன்றும் சேர்ந்தால் ஓட்டுபவருக்கே தெரியாமல் மூன்று நான்கு நொடி கண் சொக்கிவிடும். 100 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 28 மீட்டர் போகிறது. நாலு நொடி என்றால் 110 மீட்டருக்கு மேல், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தூங்கிக்கொண்டு.

செய்ய வேண்டியது இது. ஞாயிறு யார் ஓட்டுவது என்பதைச் சனிக்கிழமை காலையே முடிவு செய்யுங்கள். அவர் அன்றிரவு 11 மணிக்கு ஆட்டம் பாட்டத்தை விட்டுப் படுக்கப் போக வேண்டும். "இன்னும் அரை மணி நேரம் இருடா" என்று கையைப் பிடிப்பவர்களை வண்டியில் வரும் மற்றவர்கள்தான் தடுக்க வேண்டும். விருந்தில் அவர் அரை வயிறு சாப்பிட்டால் போதும்.

வழியில் கண் எரிச்சல், அடிக்கடி கொட்டாவி, கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டர் எப்படி வந்தோம் என்று நினைவில்லாமல் போவது, வண்டி கோட்டைத் தொட்டுத் தொட்டு விலகுவது, இதில் ஒன்று வந்தாலும் அடுத்த பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். ஒரு கப் காபி குடித்துவிட்டு உடனே 15–20 நிமிடம் கண்ணை மூடுங்கள். காபி வேலை செய்ய ஏறக்குறைய அந்த நேரம்தான் ஆகும், எழும்போது இரண்டும் சேர்ந்து தெளிவு தரும். அரை மணி நேரத்தைத் தாண்டித் தூங்கினால் ஆழ்ந்த தூக்கத்தில் போய் எழுந்ததும் மந்தமாக இருக்கும், அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலைத் திறப்பது, பாட்டைச் சத்தமாக வைப்பது, கன்னத்தில் தட்டிக்கொள்வது எல்லாம் சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது.

ஏ.சி.யை உள்காற்றுச் சுழற்சியிலேயே வைத்து ஐந்து பேர் மணிக்கணக்கில் மூச்சு விட்டால் கரியமில வாயு கூடி மந்தம் அதிகமாகும். அவ்வப்போது பத்து நிமிடம் வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள்.

டயரில் எவ்வளவு காற்று வைக்க வேண்டும்? ஒவ்வொருவர் ஒன்று சொல்கிறார்கள்.

யார் சொல்வதையும் கேட்க வேண்டாம், வண்டியே சொல்லும். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் அதன் சட்டத்திலோ, எரிபொருள் மூடியின் உள்பக்கமோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் பெரும்பாலும் இரண்டு அளவுகள் இருக்கும். இரண்டு மூன்று பேர் போகும்போது ஒன்று, முழு ஆளும் சாமானும் ஏறும்போது இன்னொன்று. கல்யாணப் பயணத்துக்கு இரண்டாவதுதான். அதில் பின் டயருக்குச் சில பி.எஸ்.ஐ. கூடுதலாகச் சொல்லியிருப்பார்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதை வைத்துக் காற்றடிக்கக் கூடாது.

வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு, டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஓடிய டயரில் சூட்டால் மூன்று நான்கு பி.எஸ்.ஐ. ஏறியிருக்கும். அதைப் பார்த்துக் காற்றைக் குறைத்துவிட்டால் ஆறியதும் அளவுக்குக் கீழே போய்விடும். டயர் வெடிப்பதற்கு அதிகக் காற்றுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். நெடுஞ்சாலையில் ஆபத்து குறைந்த காற்றில்தான் அதிகம். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. 100 கி.மீ. வேகத்தில் சாதாரணக் காரின் சக்கரம் நொடிக்குச் சுமார் 14 முறை சுற்றும். அத்தனை முறை மடங்கினால் சூடேறி, உள்ளே இருக்கும் இழைகள் ரப்பரிலிருந்து பிரிந்துவிடும். அதோடு முழு பாரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இன்னும் மூன்று விஷயம். டயர் பள்ளங்களுக்குள் சின்ன மேடுகள் இருக்கும். ரப்பர் தேய்ந்து அவற்றோடு சமமாகிவிட்டால் மிச்சம் இருப்பது 1.6 மில்லிமீட்டர்தான், அந்த டயரோடு கிளம்பாதீர்கள். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நாலு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஸ்டெப்னியிலும் காற்றைப் பாருங்கள். ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி என்றால் பெரும்பாலும் 60 பி.எஸ்.ஐ. வேண்டும், 80 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது.

இதையெல்லாம் புதன்கிழமையே செய்யுங்கள். வால்வில் மெதுவான கசிவு இருந்தால் வெள்ளிக்கிழமை மறுபடி அளக்கும்போது தெரிந்துவிடும். கிளம்பும் அன்று மட்டும் காற்றடித்தால் அது தெரிய வருவது நடுவழியில்தான்.

வழியில் பங்சர் ஆகி, எல்லாரும் கல்யாண உடையில் இருந்தால் என்ன செய்வது?

முதலில், கல்யாண உடையில் நீண்ட தூரம் பயணம் செய்யாதீர்கள். அதையும் மீறி நடந்துவிட்டால், டிக்கியில் ஒரு பழைய போர்வை, ஒரு ஜோடி கையுறை, ஒரு நெற்றி விளக்கு இருந்தால் உடை தப்பும். செல்போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு நட்டு கழற்றுவது பெரிய அவஸ்தை.

நாலு விளக்கையும் மினுக்கவிட்டு, சமதளமான கெட்டித் தரை வரும்வரை மெதுவாக உருட்டிப் போங்கள். அந்த டயர் வீணானாலும் பரவாயில்லை, வளைவிலோ பாலத்திலோ நிற்கக் கூடாது. எல்லாரையும் இறக்கிச் சாலையோரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அனுப்புங்கள். முக்கோண எச்சரிக்கைப் பலகையை நன்றாகப் பின்னால் தள்ளி வைக்க வேண்டும், நெடுஞ்சாலையில் 100 மீட்டராவது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முதல் கியரிலோ ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கிங்கிலோ போட்டு, மாற்றப்போகும் சக்கரத்துக்குக் குறுக்கு எதிரே உள்ள சக்கரத்துக்குக் கல் கொடுங்கள்.

பலர் சறுக்குவது அடுத்த கட்டத்தில். சக்கரம் தரையில் இருக்கும்போதே ஒவ்வொரு நட்டையும் கால் சுற்று தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு தளர்த்தப் பார்த்தால் சக்கரம் சுழலும், வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும். ஜாக்கி வைக்கும் இடம் கதவுக்குக் கீழே ஓடும் இரும்பு விளிம்பில் இரண்டு வெட்டுகளுக்கு நடுவே இருக்கும். கையால் தடவினாலே தெரியும். வேறெங்காவது வைத்தால் தகடு மடங்கும். ஸ்டெப்னியை ஜாக்கிக்கு அருகில் வண்டிக்கு அடியில் படுக்க வைத்துவிடுங்கள். ஜாக்கி நழுவினாலும் வண்டி அதன் மேல்தான் உட்காரும். பங்சரான டயர் தரையை விட்டுக் கிளம்பினால் மட்டும் போதாது. காற்றுள்ள டயருக்குக் கூடுதல் உயரம் வேண்டும், இன்னும் கொஞ்சம் ஏற்றுங்கள்.

நட்டைக் கழற்றியும் சக்கரம் வரவில்லை என்றால் துருப் பிடித்து ஒட்டியிருக்கிறது. இரண்டு நட்டைத் தளர்வாக மாட்டிவிட்டு, டயரின் பக்கவாட்டில் உள்ளங்காலால் உதையுங்கள். அடியில் இருக்கும் ஸ்டெப்னியை எடுத்துப் போட்டதும் நட்டின் கூம்பு வடிவப் பக்கம் சக்கரத்தைப் பார்த்திருக்க வேண்டும். கையால் முழுக்க முடுக்கி, வண்டியை இறக்கி, நட்சத்திரம் வரைவது போல எதிரெதிர் வரிசையில் இறுக்குங்கள். ஸ்பேனர் மேல் ஏறி நின்று குதிக்க வேண்டாம், அடுத்த முறை கழற்றுபவர் உங்களைத் திட்டுவார். 50 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

சில அலாய் சக்கரங்களில் ஒரு நட்டு மட்டும் பூட்டு நட்டாக இருக்கும். அதற்கென்று ஒரு சின்னச் சாவி உண்டு. அது வண்டியில் இருக்கிறதா, வீட்டு அலமாரியில் இருக்கிறதா என்று இப்போதே எழுந்து போய்ப் பாருங்கள்.

ஐந்து பேர், ஐந்து பெட்டி, ஒரு பெரிய கண்ணாடிச் சட்டம் போட்ட படம் பரிசாக. எப்படி அடுக்குவது?

வண்டியின் கையேட்டில் அது தாங்கும் மொத்த பாரம் எழுதியிருக்கும். சின்னக் கார்களில் ஆளையும் சேர்த்து 400 முதல் 450 கிலோ வரை இருக்கும். ஆளுக்கு 70 கிலோ என்றால் ஐந்து பேருக்கு 350. மிச்சம் 50 முதல் 100 கிலோ. ஐந்து பெரிய பெட்டி தலா 18 கிலோ என்றாலே 90 ஆகிவிட்டது. ஆளுக்கு ஒரு தோள்பை என்று முடிவு செய்யுங்கள், இரண்டு இரவுக்கு அது போதும். கூரைப் பெட்டி வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு: பல கார்களில் கூரை தாங்குவது 50 முதல் 75 கிலோதான், அதில் பெட்டியின் எடையும் கம்பியின் எடையும் சேர்த்தி.

கனமானவை கீழே, பின் சீட்டின் முதுகை ஒட்டி. சீட்டின் உயரத்துக்கு மேல் எதுவும் அடுக்க வேண்டாம். 50 கி.மீ. வேகத்தில் மோதி வண்டி அரை மீட்டர் நசுங்கி நின்றால், கட்டாமல் கிடக்கும் பொருள் தன் எடையைப் போல 20 மடங்கு விசையோடு முன்னால் வரும். பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகையில் வைத்த இரண்டு கிலோ பரிசுப் பெட்டி 40 கிலோவாக வரும். அந்த இடத்தைக் காலியாக விடுங்கள்.

கண்ணாடிச் சட்டத்தைப் படுக்க வைக்கக் கூடாது. படுத்திருந்தால் ஒவ்வொரு குழிக்கும் கண்ணாடி நடுவில் வளையும், அதன் மேல் யாராவது பையும் வைப்பார்கள். போர்வையில் சுற்றி, விளிம்பில் நிற்க வைத்து, இரண்டு பக்கமும் மென்மையான பைகளை முட்டுக்கொடுங்கள். கண்ணாடி மேல் ஒட்டுநாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிவிட்டால், உடைந்தாலும் சில்லுகள் படத்தைக் கிழிக்காது.

சென்ட், முடி ஸ்பிரே டப்பாக்கள் 50 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்று அதிலேயே போட்டிருக்கும். வெயிலில் நிற்கும் வண்டியின் டேஷ்போர்டு அதைச் சுலபமாகத் தாண்டும். அறைக்கு எடுத்துப் போய்விடுங்கள்.

பட்டு உடையும் கோட்டும் கசங்காமல் போய்ச்சேர?

கோட்டைத் தோள் வெளியே தெரியாதபடி உள்பக்கமாகத் திருப்பி, ஒரு தோளை மற்றதற்குள் நுழைத்து மடித்து, நடுவில் ஒரு மெல்லிய துண்டு வைத்தால் மடிப்பு விழாது. வேலைப்பாடு நிறைந்த கனமான உடையைத் தொங்கவிட வேண்டாம், தோள்பட்டை இழுபட்டுவிடும். பருத்தித் துணியில் சுற்றிப் பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலாக வையுங்கள். ஜன்னல் கொக்கியில் உடையைத் தொங்கவிட்டு ஓட்டினால் பக்கவாட்டுப் பார்வை மறையும்.

புடவையோடும் குதிகால் உயர்ந்த செருப்போடும் வண்டி ஓட்டலாமா?

செருப்பைப் பொறுத்தவரை வேண்டாம். பிரேக்குக்கும் ஆக்ஸிலரேட்டருக்கும் கால் மாறும்போது குதிகால் தரையில் ஊன்றித் திரும்ப வேண்டும். உயர்ந்த குதிகாலில் அந்த ஊன்றல் கிடைக்காது. தட்டையான, பின்பட்டை உள்ள காலணியை வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய செருப்பை ஓட்டுநர் காலடியில் போடுவது அதைவிட மோசம். அது உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போனால் பெடல் இறங்காது. அடுத்த சீட்டின் காலடியும் வேண்டாம், டிக்கியில் போடுங்கள்.

உடை எதுவானாலும் சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை துணிக் குவியலுக்கு மேலே இல்லாமல் இடுப்பெலும்பை ஒட்டித் தாழ்வாக இருக்க வேண்டும். குவிந்த மடிப்பின் மேல் போட்டால் மோதலில் அந்தத் துணி அமுங்கும் அளவுக்கு உடல் முன்னால் நழுவும், பட்டை வயிற்றில் ஏறும். தலைப்பும் துப்பட்டாவும் கதவில் மாட்டியிருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள்.

மாப்பிள்ளை – பெண் போகும் வண்டியை நண்பர்கள் நாங்களே அலங்கரிக்கிறோம். பெயின்ட் கெடாமல் எப்படி?

வண்டியை முதலில் கழுவித் துடையுங்கள். தூசி மேல் நாடா கட்டினால் காற்றில் அது ஆடி ஆடி உப்புத்தாள் போல் தேய்க்கும். பெயின்ட் அடிப்பவர்கள் பயன்படுத்தும் மாஸ்கிங் டேப் மட்டும் போதும். பழுப்பு நிறப் பார்சல் டேப் வெயிலில் உருகிப் பசையை விட்டுவிடும். மாஸ்கிங் டேப்பையும் அன்றே உரித்துவிடுங்கள். காந்தம் வாங்கும் முன் பானெட்டில் ஒன்றை ஒட்டிப் பாருங்கள், அலுமினிய பானெட்டில் ஒட்டாது.

முன் கிரில்லை மூடக் கூடாது. ரேடியேட்டருக்குக் காற்று போவது அந்த வழியில்தான். பூவால் அடைத்துவிட்டு ஊர்வலமாக ஊர்ந்து போனால் எஞ்சின் கொதிக்கும். விளக்கு, நம்பர் பிளேட், வைப்பர், கதவுக் கைப்பிடி, ஓட்டுபவரின் கண்ணுக்கு நேரே உள்ள கண்ணாடி எல்லாம் விலக்கு. சக்கரத்துக்கு அருகே தொங்கும் ரிப்பன் ஒன்று சுற்றிக்கொண்டால் மொத்த அலங்காரத்தையும் இழுத்துக்கொண்டு போகும். ஷேவிங் நுரையால் எழுதுவதும் வேண்டாம், காய்ந்தால் பெயின்டில் தழும்பு விழும். நசுங்கிய பூவிதழ்களையும் அன்று மாலையே கழுவிவிடுங்கள்.

இந்த அலங்காரம் எல்லாம் 40 கி.மீ. வேகத்துக்குத்தான். நெடுஞ்சாலையில் ஏறும் முன் பிரித்துவிட வேண்டும்.

ஏழு வயது மகளுக்கு காரில் ஏறினாலே வாந்தி. ஐந்து மணி நேரம் போக வேண்டும்.

காது சொல்லும் அசைவும் கண் பார்க்கும் காட்சியும் ஒத்துப்போகாததுதான் காரணம். 2 முதல் 12 வயது வரை இது அதிகம். பின் சீட்டின் நடுவில் சரியான குழந்தை இருக்கையில் உட்கார வைத்தால் முன் கண்ணாடி வழியே தூரத்தைப் பார்க்க முடியும். செல்போனும் படக்கதையும் கூடாது. வெறும் வயிறும் நிறைந்த வயிறும் இரண்டுமே கெடுக்கும். கிளம்பும் முன் லேசாக ஏதாவது கொடுங்கள். சென்ட் வாசனை ஆகாது. மாத்திரை என்றால் மருத்துவரிடம் எடைக்கேற்ற அளவைக் கேட்டு, கிளம்புவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும். குமட்டல் வந்த பிறகு கொடுத்துப் பெரிய பயனில்லை. அந்த மாத்திரைகள் தூக்கம் வரவழைக்கும், ஓட்டுபவர் ஒருபோதும் போடக் கூடாது.

பெரும்பாலும் பிரச்சினை ஓட்டும் விதத்தில். பிரேக்கை மெதுவாக ஆரம்பித்து மெதுவாக விடுங்கள், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். பாதி வாந்தி அதிலேயே நின்றுவிடும்.

சனிக்கிழமை இரவு விருந்தில் குடித்துவிட்டு ஞாயிறு காலை ஓட்டலாம் அல்லவா?

கணக்கு உங்களுக்குச் சாதகமாக இல்லை. உடல் ஒரு மணி நேரத்துக்கு ரத்தத்தில் சுமார் 0.015 சதவீதத்தைத்தான் கழிக்கும். இரவு 1 மணிக்கு 0.12 இருந்தால் பூஜ்யத்துக்கு வரக் காலை 9 மணி ஆகும். தூங்கினாலும் குளித்தாலும் காபி குடித்தாலும் அந்த வேகம் கூடாது. சட்ட வரம்பு பல நாடுகளில் 0.05, சில நாடுகளில் 0.03, 0.02. ஞாயிறு ஓட்டுபவர் சனிக்கிழமை இரவு தொடவே கூடாது.

மின்சாரக் கார். 400 கி.மீ. ஓடும் என்று விளம்பரம். கல்யாண மண்டபம் 300 கி.மீ. ஒரே மூச்சில் போய் மண்டபத்தில் சார்ஜ் போட்டுவிடலாமா?

ஒரே மூச்சு வேண்டாம். நெடுஞ்சாலை வேகம், ஏ.சி., முழு பாரம் என்று 20 முதல் 30 சதவீதம் குறையும். 400 என்பது 280–320 ஆகிவிடும். 300 கி.மீ. போய்ச் சேரும்போது கையில் ஒன்றும் இருக்காது. பாதி வழி தாண்டி, சார்ஜ் 25–30 சதவீதம் இருக்கும்போதே ஒரு வேகச் சார்ஜரில் நிறுத்தி 80 வரை ஏற்றுங்கள். 80-க்கு மேல் பேட்டரியே மின்சாரத்தை மெதுவாகத்தான் வாங்கும். அந்தக் கடைசி 20-க்காகக் காத்திருப்பதில் அர்த்தமில்லை.

மண்டபத்துச் சாதாரண பிளக்கில் 230 வோல்ட், 10 ஆம்பியர் என்றால் 2.3 கிலோவாட். இழப்பு போக மணிக்குச் சுமார் 13 கி.மீ. ஓடும் அளவுக்கு ஏறும். பத்து மணி நேரம் போட்டால் 130 கி.மீ. ஊர் திரும்ப அது போதாது, அடுத்த வேகச் சார்ஜர் வரை போகப் போதும். ஆனால் மண்டபத்தில் விளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் இழுத்த தற்காலிக வயரிலோ, சுருட்டி வைத்த மெல்லிய எக்ஸ்டென்ஷனிலோ ஒருபோதும் போடாதீர்கள். 10 ஆம்பியர் மணிக்கணக்கில் ஓடினால் சுருண்ட வயர் சூடேறி உருகும். சுவரில் உள்ள எர்த் பிளக்கில் நேரடியாகப் போட்டு, அரை மணி நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் எடுத்துவிடுங்கள்.

கதவைத் திறந்து வைத்துக் காரில் பாட்டுப் போட்டு ஆடியதில் பேட்டரி இறங்கிவிட்டால்?

45 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஆம்ப்ளிஃபயரும் விளக்குமாக 10 ஆம்பியர் இழுத்தால் காகிதத்தில் நாலரை மணி நேரம் வரும். பாதி இறங்கும்போதே செல்ஃப் சுற்றத் தடுமாறும், ஆக இரண்டு மணி நேரம்தான் உங்கள் கச்சேரி.

ஜம்பர் கேபிளுக்கு வரிசை முக்கியம். சிவப்பை இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டி, மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸில் மாட்டி, அதன் மறுமுனையை இறங்கிய வண்டியின் எஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்டுங்கள், அந்த பேட்டரியின் மைனஸில் அல்ல. கடைசி இணைப்பில் பொறி பறக்கும். பேட்டரிக்கு மேல் ஹைட்ரஜன் வாயு இருக்கலாம், அதனால்தான் தள்ளி மாட்டுவது. நல்ல வண்டியைச் சில நிமிடம் ஓடவிட்டு, மற்றதை ஸ்டார்ட் செய்து, மாட்டியதற்கு நேர் எதிர் வரிசையில் கழற்றுங்கள். பிறகு எஞ்சினை அணைக்காமல் அரை மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும்.

நாலு பேர், ஒருவன் வண்டி. செலவை எப்படிப் பிரிப்பது? போன முறை மனஸ்தாபம் ஆகிவிட்டது.

கிளம்பும் முன் டேங்கை நிரப்பி, திரும்பி வந்ததும் அதே அளவுக்கு நிரப்புங்கள். இடையில் போட்டதையும் கடைசியில் போட்டதையும் கூட்டினால் அதுதான் எரிபொருள் செலவு. 640 கி.மீ. போய்வர, லிட்டருக்கு 16 கி.மீ. தரும் வண்டிக்கு 40 லிட்டர் என்று முன்பே கணக்குப் போட்டால் யாருக்கும் அதிர்ச்சி இருக்காது. வேகமும் செலவுதான். 90-இலிருந்து 110-க்குப் போனால் காற்றுத் தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

நாலில் ஒரு பங்கு என்பது நியாயம் போலத் தெரியும். ஆனால் டயரும் ஆயிலும் பிரேக்கும் தேய்வது வண்டிக்காரனுக்கு மட்டும்தான். எரிபொருள், சுங்கம், பார்க்கிங் மூன்றையும் மற்ற மூவர் பிரித்துக்கொள்வதே சரி என்பது எங்கள் கருத்து. அபராதம் வந்தால் அப்போது ஓட்டியவர் கட்ட வேண்டும். வேறொருவர் ஓட்டும்போது உரசினால் இன்ஷூரன்ஸ் தராத பங்கை யார் கொடுப்பது என்பதையும், அவர் ஓட்டினால் பாலிசி செல்லுமா என்பதையும் சாவியைக் கொடுக்கும் முன் பேசிவிடுங்கள்.

மண்டபத்தில் இடமில்லாமல் பக்கத்துப் புல்வெளியில் நிறுத்தச் சொல்கிறார்கள். ஏதாவது கவனிக்க வேண்டுமா?

காய்ந்த, உயரமான புல் என்றால் நிறுத்தாதீர்கள். நெடுந்தூரம் ஓடி வந்த வண்டியின் அடியில், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் நூற்றுக்கணக்கான டிகிரி சூட்டில் இருக்கும், புல் உரசினால் பற்றிக்கொள்ளும். ஈரப் புல் என்றால் முகப்பு வெளியே பார்த்தபடி, ஏற்றத்தில் இல்லாமல் நிறுத்துங்கள். சக்கரம் சுழல ஆரம்பித்தால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கப் புதையும்தான். காலடி விரிப்புகளை எஞ்சின் சுழற்றும் சக்கரங்களுக்கு முன்னால் சொருகி, இரண்டாவது கியரில் கிளட்சை மெதுவாக விட்டு நகர்த்துங்கள். அந்த நேரம் வண்டிக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது, விரிப்பு பின்னோக்கிப் பறக்கும். உங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் வழியை மறித்து நிறுத்தினால் ஞாயிறு மதியம் இரண்டு மணி நேரம் போய்விடும், ஆகையால் முன்கூட்டியே கிளம்ப வேண்டியவர்கள் வாசலுக்கு அருகிலுள்ள ஓரத்தைப் பிடியுங்கள்.